ஆப்பு வைத்த கை

மதுரையில் ஒரு கடைப் பையன் மேஜை ரம்ப மிஷினின் மேல்மூடியைக் கழற்றி பிளேடைக் காட்டினான். 10 இஞ்ச் பிளேடு. அதன் முதுகை ஒட்டி, அதே வளைவில், பிறை மாதிரி ஒரு எஃகுத் தகடு நின்றது.

"இது எதுக்கு தம்பி?"

"ரைவிங் நைஃப் சார். அறுத்த மரம் திரும்பச் சேராம இருக்கிறதுக்கு. வாங்குறவங்க பாதிப் பேரு கழட்டித்தான் வச்சுருவாங்க. உங்களுக்கும் கழட்டித் தரவா?"

தகட்டைத் தொட்டுப் பார்த்தேன். பல் இல்லை, கூர் இல்லை, வழவழவென்று இருந்தது. பிளேடு கிழித்துப்போன கோட்டுக்குள் நின்று, மரத்தின் இரண்டு பாதியும் ஒன்றையொன்று நெருங்கவிடாமல் பார்த்துக்கொள்வது ஒன்றுதான் அதற்கு வேலை. அந்த வேலை எனக்குத் தெரியும். 9 வயதில் நான் செய்த முதல் வேலை அதுதான்.

1972 கோடை விடுமுறை. திண்டுக்கல்லில் மரப்பட்டறை வைத்திருந்த அப்பா என்னை ஆத்தூர்ப் பக்கம் அழைத்துப்போனார். கீழ்மலை அடிவாரத்தில் ஒரு தோட்டத்து வாகை மரம் சாய்ந்துகிடந்தது. தோட்டக்காரருக்குச் செக்கு ஒன்று செய்யவேண்டும், மிச்சத்தில் பலகை போடவேண்டும் என்று பேச்சு. அவ்வளவு பெரிய மரத்தைத் திண்டுக்கல்லுக்கு வண்டி வைத்துக் கொண்டுவருவதைவிட, வாளை அங்கே கொண்டுபோவது லாபம். கவட்டைக் கால்கள் நட்டு, எட்டு ஆள் சேர்ந்து மரத்தை மேலேற்றினார்கள். அப்பா மரத்தின்மேல் நின்றார். மாமா ஒருவர் கீழே நின்றார். இரண்டு பேருக்கும் நடுவில் ஆளுயர வாள். மேலே நிற்பவர் கோட்டைப் பார்த்து வாளை நடத்துவார், கீழே நிற்பவர் இழுத்து அறுப்பார். தூள் முழுக்கக் கீழே நிற்பவர் முகத்தில்தான் விழும். மாமா தலைத்துண்டை நெற்றிவரை இறக்கிக் கட்டி, கண்ணை இடுக்கிக்கொண்டு மேலே பார்த்தபடி இழுத்தது இப்போதும் தெரிகிறது. மாலையில் அவர் துண்டை அவிழ்த்தால் நெற்றியில் மட்டும் கறுப்பாக ஒரு பட்டை இருக்கும், மற்ற இடமெல்லாம் வாகைத் தூளின் மங்கிய நிறம்.

என்னை மரத்தின் ஓரத்தில் உட்கார்த்தி வைத்திருந்தார்கள். மடியில் நாலைந்து கருவேல ஆப்புகள், கையில் சின்னக் கொட்டாப்புளி. வாள் ஒரு முழம் உள்ளே போனதும் சத்தம் மாறும். சர்ர் சர்ர் என்று போய்க்கொண்டிருந்தது, தொண்டை அடைத்த மாதிரி இறுகும். அப்பா கையை நிறுத்தாமலே "ஆப்பு" என்பார். வெட்டின் வாயில் ஒன்றை வைத்து இரண்டு தட்டுத் தட்டுவேன். மரம் நூலளவு விலகும். வாள் பழைய சத்தத்துக்குத் திரும்பும். வெட்டு முன்னேற முன்னேற, பின்னால் இருக்கிற ஆப்பைப் பிடுங்கி முன்னால் வைக்கவேண்டும். பிடுங்குமுன் அடுத்ததை அடித்திருக்கவேண்டும். இந்த வரிசை தப்பினால் மரம் வாளைக் கவ்விக்கொள்ளும்.

"ஏம்ப்பா கவ்வுது?" என்று கேட்டேன்.

"நின்ன மரம்டா. படுக்கச் சம்மதிக்குமா?" என்றார்.

அவர் சொன்னது சரிதான் என்று பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். நிற்கிற மரம் தன் எடையையும் காற்றையும் தாங்கிக்கொண்டு வளர்கிறது. வெளி மரம் ஒரு பக்கம் இழுக்கும், உள் மரம் ஒரு பக்கம் தள்ளும். முழுசாக இருக்கும்வரை அந்த இழுப்பும் தள்ளலும் சமமாக இருக்கும். நடுவில் கிழித்ததும் ஒவ்வொரு பாதியும் தன் போக்கில் வளையத் தொடங்குகிறது. சில மரம் வாயைப் பிளக்கும், சில மரம் மூடும். ஈரம் ஒரே சீராக உலராத மரம் இன்னும் மோசம்.

மதியம் சோற்றுக்கு இறங்கும்போது ஆப்பை வெட்டிலேயே விட்டு இறங்கினோம். அன்றைக்குத்தான் அப்பா ஆப்பசைத்த குரங்கின் கதையைச் சொன்னார். பாதி அறுத்த மரத்தில் தச்சர்கள் ஆப்பு வைத்துவிட்டுச் சாப்பிடப் போகிறார்கள், குரங்கு வந்து பிளவில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து ஆப்பைப் பிடுங்குகிறது. பஞ்சதந்திரத்தில் உள்ளது. பள்ளிக்கூடத்தில் அந்தக் கதையை நான் குரங்கின் கதையாகக் கேட்டிருந்தேன். மரத்தடியில் கேட்டபோது அது தச்சர்களின் கதையாக இருந்தது.

இன்றைய பேச்சில் 'ஆப்பு வைத்துவிட்டான்' என்றால் கெடுத்துவிட்டான் என்று அர்த்தம். எங்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்கு அப்படி ஒரு பொருள் இருந்ததில்லை. ஆப்பு வைக்கிறவன் வாளையும் காப்பான், வாள் பிடித்த கையையும் காப்பான்.

எங்கள் பட்டறை மேற்கு ரதவீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. ஓட்டுக் கொட்டகை. வாசலில் நின்றால் மலைக்கோட்டை தெரியும். காற்று தெற்கே இருந்து வந்தால் பேகம்பூர்த் தோல் ஷாப்புகளின் வாடை, மற்ற நேரம் எல்லாம் வேப்பமரத் தூளின் கசப்பு வாசம். தெருவில் பூட்டுக்காரர்கள் அரம் போடுகிற ஓசை காலை முதல் கேட்கும். திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு 2019-இல்தான் கிடைத்தது. எனக்கு அதைக் கேட்டதும் ஞாபகம் வந்தது அந்த அரம் போடும் ஓசைதான். எங்கள் பட்டறையிலும் சாயந்திரம் அதே ஓசை எழும். அப்பா கைவாளை இரண்டு பலகைக்கு நடுவில் இறுக்கி நிறுத்தி, முப்பட்டை அரத்தால் ஒவ்வொரு பல்லாகத் தீட்டுவார். பிறகு ஒரு பல் இடப்பக்கம், அடுத்த பல் வலப்பக்கம் என்று மாற்றி மாற்றிச் சாய்ப்பார். இப்படிச் சாய்த்தால்தான் தகட்டின் கனத்தைவிட வெட்டு அகலமாக விழும், தகடு உரசாமல் போகும். எல்லாம் முடிந்தபின் அம்மாவின் தையல் ஊசி ஒன்றை வாங்கி, பல்வரிசையின் நடுவே வைத்து வாளை லேசாகச் சாய்ப்பார். இரண்டு பக்கச் சாய்வுக்கும் நடுவில் உண்டான வாய்க்காலில் ஊசி ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை வழுக்கிக்கொண்டு போகவேண்டும். வழியில் எங்கேயாவது நின்றால் அந்த இடத்துப் பல் சரியில்லை. ஊசி கீழே விழும்போது பிடிப்பது என் வேலை.

நூல் என்ற சொல்லை நான் இரண்டு பொருளில் கற்றேன். காவியில் நனைத்து, பலகையின்மேல் இழுத்துச் சுண்டினால் நேர்கோடு விழும் நூல் ஒன்று. இஞ்சில் எட்டில் ஒரு பங்கு இன்னொன்று. பெரிய ரம்பத்தின் வெட்டு ஒரு நூல் அகலம். "ரம்பம் ஒரு நூல் திங்கும்" என்பார் அப்பா. 8 இஞ்ச் பலகையில் 1 இஞ்ச் சட்டம் எத்தனை வரும் என்று கேட்டார், எட்டு என்றேன். அவர் பேசாமல் கோட்டைப் போட்டுக் காட்டினார். ஏழுதான் வந்தது. எட்டாவது சட்டம் ஏறக்குறைய முழுக்கத் தூளாகப் போயிருந்தது. இப்போது கடையில் பிளேடு பார்க்கும்போது உறையில் 3.2 மில்லிமீட்டர் என்று எழுதியிருக்கிறது. எடுத்துக் கணக்குப் பார்த்தால் அதே ஒரு நூல். மெலிந்த பிளேடு என்று விற்பது 2.4 மில்லிமீட்டர், முக்கால் நூல். அப்பா இருந்தால் கால் நூல் மிச்சம் என்று அதைத்தான் வாங்கியிருப்பார்.

அந்த எட்டாவது சட்டமும் வீணாகப் போகவில்லை. அம்மா தூள் அடுப்பில்தான் சமைத்தாள். தகர அடுப்பின் நடுவில் ஒரு பாட்டிலை நிறுத்தி, அடியில் வாய்க்குள் ஒரு கட்டையைச் செருகி, சுற்றிலும் மரத்தூளைப் போட்டுக் குத்திக் குத்தி இறுக்கவேண்டும். பிறகு பாட்டிலைத் திருகித் திருகி உருவினால் நடுவில் குழாய் மாதிரி வழி நிற்கும். கீழே பற்றவைத்தால் சுவாலை இல்லாமல் உள்ளேயே கனிந்து இரண்டு மூன்று மணி நேரம் எரியும். தேக்குத் தூள் வாசமாக எரியும், வேம்பு கண்ணைக் கரிக்கும், புளி நின்று எரியும். எந்த வீட்டுக்குக் கதவு செய்கிறோம் என்பது எங்கள் வீட்டுக் குழம்பில் தெரியும் என்று அம்மா சொல்வாள்.

திண்டுக்கல் சமவெளி மழை குறைந்த பூமி. மரம் மெதுவாக வளரும், வைரம் பாய்ந்து வளரும். வீட்டு நிலைக்கு வேம்பு, செக்குக்கு வாகை, கலப்பைக்கும் வண்டியின் ஆரக்காலுக்கும் கருவேலம், நுகத்தடிக்கு மஞ்சணத்தி, கறிக்கடைக் கட்டைக்குப் புளி, கூரைக்குப் பனை. ஒவ்வொன்றும் ரம்பத்திடம் ஒவ்வொரு விதமாக நடந்துகொள்ளும். வேம்பு இணங்கிப் போகும். கருவேலம் பல்லை மழுக்கும். தேக்கும் மழுக்கும், மெதுவாக. அதன் உடம்பிலேயே மணல்சத்து உண்டு. புளிதான் நம்பமுடியாத மரம். பிரிகள் முறுக்கி முறுக்கிப் போகும், வெட்டு எந்த இடத்தில் மூடும் என்று சொல்லமுடியாது. ஆப்பு அதிகம் கேட்பது அதுதான்.

இந்த மரங்கள் இன்றைக்கும் கிடைக்காமலில்லை. ஆனால் வருகிற வழி போய்விட்டது. நான்குவழிச் சாலை வந்தபோது ஓரத்துப் புளியமரங்கள் போயின. தக்காளிப் பெட்டிக்குப் பலகை கேட்டு வந்த ஒட்டன்சத்திரத்துக்காரர்கள் பிளாஸ்டிக் கூடைக்கு மாறினார்கள். வண்டி போனதும் கருவேலம் விறகானது. பர்மாத் தேக்கை எடுத்துக்கொண்டால், மியான்மர் 2014 ஏப்ரலில் முழுமர ஏற்றுமதியை நிறுத்தியது. இன்று தேக்கு என்று கேட்டால் ஆப்பிரிக்காவிலிருந்தும் தென்னமெரிக்காவிலிருந்தும் வந்த இளமரத்தைக் காட்டுகிறார்கள். எனக்கு வேண்டிய மரத்தை இடித்த வீடுகளின் பழைய மரக்கடையில்தான் பொறுக்குகிறேன். அதைவிட்டால் கீழ்மலைக் காப்பித் தோட்டங்களில் நிழலுக்கு வைத்த சில்வர் ஓக். அது மெத்தென்ற மரம், அப்பா அதை மரத்தில் சேர்த்திருக்கமாட்டார்.

1985 செப்டம்பர் 15 அன்று மதுரையிலிருந்து பிரிந்து திண்டுக்கல் தனி மாவட்டமானது. அலுவலர்கள் குடிவந்தார்கள், வாடகைக்கு என்று வீடுகள் எழும்பின. நிலையும் சன்னலும் கேட்டு ஆள் மேல் ஆள் வந்தார்கள். கையால் அறுத்துக் கட்டாது என்று அந்த வருஷக் கடைசியில் அப்பா வட்ட ரம்பம் போட்டார். வாகைப் பலகையில் மேஜை, இரண்டு பேரிங்கில் ஒரு சாஃப்ட், 12 இஞ்ச் எஃகுப் பிளேடு, கீழே கோயம்புத்தூரில் செய்த 2 எச்.பி. மோட்டார். நாட்டிலேயே முதலில் மின்மோட்டார் செய்தது அந்த ஊர், 1937-இல், ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும். இதைப் பெருமையாக வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். மோட்டார் நிமிஷத்துக்கு 1440 சுற்று சுற்றும்; புல்லியை இரண்டுக்கு ஒன்றாக வைத்து அதை 2880 ஆக்கியிருந்தார். முன்பு அரை நாள் பிடித்த சட்டங்கள் கால் மணியில் முடிந்தன. தூள் அடுப்புக்குத் தூள் மூட்டை மூட்டையாகச் சேர்ந்தது.

அந்த வருஷம் எனக்கு வங்கியில் வேலை கிடைத்து வெளியூர் போய்விட்டேன். ஆப்பும் பட்டறையிலிருந்து போய்விட்டது. இவ்வளவு வேகத்தில் ஓடுகிற ரம்பத்துக்குப் பின்னால் உட்கார்ந்து யார் ஆப்பு வைப்பது? வைக்கவேண்டும் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை.

சித்தப்பா ஒரு ரம்ப மில்லில் இருந்தார். 1987 ஆடி மாதம், மழையில் நனைந்துகிடந்த புளியம்பலகையை ஓட்டிக்கொண்டிருந்தார். பாதி போனதும் வெட்டு மூடியது. கையால் இழுக்கிற வாளை மரம் கவ்வினால் வாள் நிற்கும், அவ்வளவுதான். வட்ட ரம்பத்தின் கதை வேறு. அதன் முன்பல் மரத்தை மேஜைமேல் அழுத்துகிறது; பின்பல் கீழிருந்து மேலே ஏறி வருகிறது. மரம் மூடிப் பின்பல்லைத் தொட்டால், அந்தப் பல் மரத்தைத் தூக்கி ஓட்டுகிறவன்மேலேயே எறியும். 12 இஞ்ச் பிளேடின் பல் 2880 சுற்றில் மணிக்கு 165 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. பலகை சித்தப்பாவின் இடுப்பில் அடித்துவிட்டுப் போயிருந்தால்கூடப் பரவாயில்லை. பலகை பறந்ததும், அதை அழுத்திக்கொண்டிருந்த இடதுகை பிளேடின்மேல் போனது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போய்விட்டன.

தொழிற்சாலைச் சட்டம் 1948-லேயே வந்ததுதான். ஆபத்தான மிஷின் பாகங்களுக்குக் காப்பு போடவேண்டும் என்று அது சொன்னது. ஆனால் மின்சாரம் வைத்து 10 பேர் வேலை செய்தால்தான் அந்தச் சட்டத்தின் கண்ணில் ஓர் இடம் தொழிற்சாலையாக இருந்தது. அந்த மில்லில் 7 பேர். யாரும் வந்து பார்த்ததில்லை. நஷ்டஈடு என்று ஒன்றும் வரவில்லை. சித்தப்பா அதன்பின் மரத்தைத் தொடவில்லை. பஸ் நிலையம் பக்கம் டீக்கடை போட்டார். கட்டைவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் நடுவில் கிளாஸைப் பிடித்து ஆற்றுவார். ஒரு சொட்டுச் சிந்தாது.

அந்தத் தீபாவளிக்கு ஊருக்கு வந்தபோது, அப்பாவின் ரம்ப மேஜையில் புதிதாக ஒன்று நின்றதைப் பார்த்தேன். பிளேடுக்குப் பின்னால், ஒரு விரற்கடை தள்ளி, அதே கோட்டில், கறுப்பாக ஒரு பனஞ்சிம்பு. பனையின் வைரத்தில் செதுக்கி, வெட்டின் அகலத்துக்கு ஒரு மயிரிழை குறைய இழைத்து, மேஜைக்குள் இறக்கி ஆணியடித்திருந்தார். பலகை பிளேடைத் தாண்டியதும் அதன் இரண்டு பாதியும் சிம்பின் இரு பக்கமும் உரசிக்கொண்டு போயின. மூடப் பார்த்தாலும் மூடமுடியாது.

"என்னப்பா இது?"

"ஆப்பு வைக்க நீ இல்லைல்ல, அதான்."

வேறு ஒன்றும் சொல்லவில்லை. சட்டத்தைத் தள்ளிக்கொண்டே இருந்தார். மிஷினுக்கு நேராக நிற்காமல் ஓரமாகத்தான் நின்றார். அதை அவர் சித்தப்பாவின் விபத்துக்கு முன்பிருந்தே செய்தார்.

ரைவிங் நைஃபைப் பற்றி அவர் எங்கும் படித்தவர் இல்லை. அமெரிக்காவிலேயே அது புது மிஷின்களுக்குக் கட்டாயம் என்று ஆனது 2008 வாக்கில்தான். திண்டுக்கல் சந்தில் ஒரு ஆசாரி 1987-இல் தம்பியின் இரண்டு விரல்களுக்குப் பிறகு தானாக அதைக் கண்டுபிடித்துக்கொண்டார். அவர் 2003-இல் காலமானார். பட்டறையைக் காலி செய்தபோது மோட்டாரையும் சாஃப்ட்டையும் எடைக்குப் போட்டோம். மேஜையை யாரோ விறகுக்குக் கேட்டார்கள், கொடுத்துவிட்டேன். சிம்பு அதோடு போனது. கைவாளையும் மூலமட்டத்தையும் எடுத்து வைத்துக்கொண்ட எனக்கு, அதைப் பிடுங்கி எடுக்கத் தோன்றவில்லை. இந்த வயதில் எனக்கு இருக்கிற வருத்தங்களில் அது சின்னது இல்லை.

2023-இல் ஓய்வு பெற்று, முத்தனம்பட்டிப் பக்கம் வீட்டின் போர்டிகோவில் பட்டறை போட்டேன். இன்று நம் ஊர்களில் முக்கால்வாசி மரவேலை நடப்பது எதில் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். மார்பிள் அறுக்கிற 4 இஞ்ச் கட்டர் மிஷினில் மரப் பிளேடைப் போட்டு, ஒரு பிளைவுட் மேஜையின் அடியில் கவிழ்த்து முடுக்கிவிடுவார்கள். மேஜையின் நடுவில் ஒரு கீறல், அதில் பிளேடு எட்டிப் பார்க்கும். சுவிட்சை எப்போதும் ஓடுகிற நிலையில் பூட்டிவிட்டு, பிளக்கில் போட்டு எடுப்பார்கள். நானும் அதைத்தான் செய்தேன். செலவு குறைவு, இடம் அடைக்காது. ஆனால் அந்த மிஷின் நிமிஷத்துக்கு 12,000 சுற்றுக்கு மேல் ஓடுகிறது, கையில் பிடித்துக் கல் அறுக்கச் செய்தது. பிளேடின் ஆழம் 34 மில்லிமீட்டர். மேஜைப் பலகையின் கனம் போக 20 மில்லிமீட்டர்கூட நிற்பதில்லை. 18 மில்லிமீட்டர் பிளைவுட்டைத் தாண்டி எதையும் ஒரே ஓட்டத்தில் அறுக்கமுடியாது. பின்னால் ஒன்றும் இல்லை. ஆப்பும் இல்லை, சிம்பும் இல்லை.

போன வைகாசியில் ஒரு மாலை, பேத்திக்கு எழுதுமேஜை செய்ய இரண்டடிப் பலகை ஒன்றை ஓட்டினேன். வெட்டு முடிகிற இடத்தில் பலகை கையை விட்டுப் போனது. எனக்குப் பின்னால் சுவரில் அரையடிக்குச் சுண்ணாம்புப் பூச்சு பெயர்ந்து விழுந்தது. ஓரமாக நின்றதால் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. வீட்டுக்காரி உள்ளிருந்து ஓடிவந்து சுவரைப் பார்த்தாள், என் கையைப் பார்த்தாள். "என்னங்க, உங்க சித்தப்பாவ மறந்துட்டீங்களா?" என்றாள். மறக்கவில்லை. அன்றே கட்டரை அவிழ்த்து எடுத்தேன்.

புது மிஷின் தேடியது ஐந்து மாதம். மகள் பெங்களூரிலிருந்து போன் போட்டு, "அப்பா, ஒரே ஒரு மிஷின், நல்லதா வாங்குங்க" என்றாள்.

கோயம்புத்தூரில் பார்த்த வார்ப்பிரும்பு மிஷின்தான் முதலில் மனசைப் பிடித்தது. 3 எச்.பி. மோட்டார், பெல்ட், இழைப்பு மிஷினும் சேர்ந்தே இருந்தது. மேஜையில் கை வைத்தால் மலை மாதிரி அசையாமல் நிற்கிறது. சத்தமும் அடக்கம். அப்பா வாங்கியிருப்பார். ஆனால் 3 எச்.பி. மோட்டார் வீட்டு ஒற்றை பேஸ் இணைப்பில் 15 ஆம்பியர் பக்கம் இழுக்கும். கிளப்புகிற நேரத்தில் அதைப்போலப் பல மடங்கு. சித்திரை வைகாசிச் சாயந்திரங்களில் எங்கள் பக்கம் வோல்டேஜ் படுத்துவிடும். மூன்று பேஸ் வாங்கவேண்டுமானால் தனி இணைப்பு. அதையெல்லாம் செய்துவிடலாம் என்றே இருந்தேன். குனிந்து பிளேடுக்குப் பின்னால் பார்த்தேன். நான் பார்த்த மூன்று மாதிரியிலும் பின்னால் வெறும் பிளவுதான் இருந்தது. ரைவிங் நைஃபைப் பொருத்தித் தரமுடியுமா என்று கேட்டதற்கு, "இதுவரை யாரும் கேட்டதில்லை சார்" என்றார்கள்.

ஸா ஸ்டாப் என்று ஒன்று அமெரிக்காவில் இருக்கிறது. இயற்பியல் படித்த வழக்கறிஞரான ஸ்டீபன் காஸ் 1999-இல் அதைக் கண்டுபிடித்தார். விரல் பட்டால் உடம்பின் மின்கடத்தலை உணர்ந்து, 5 மில்லிவினாடிக்குள் ஓர் அலுமினியக் கட்டை பிளேடில் பாய்ந்து அதை நிறுத்திவிடும். முதலில் தொத்திறைச்சி வைத்துச் சோதித்தார், பிறகு தன் விரலையே வைத்துக் காட்டினார். அந்த நாட்டில் மேஜை ரம்பப் பிளேடு பட்டு மருத்துவமனைக்கு வருகிறவர்கள் ஆண்டுக்கு 30,000 பேர் அளவில் என்று அவர்கள் அரசே கணக்கு வைத்திருக்கிறது. நம்மிடம் கணக்கே கிடையாது, டீக்கடைகளில் கிளாஸ் பிடிக்கிற கைகளைப் பார்த்துக்கொள்ளவேண்டியதுதான். அந்த மிஷின் நம் ஊர்க் கடைகளுக்கு வருவதில்லை. வரவேண்டும். பட்டறைப் பையன்கள் வாங்குகிற விலையில் வரவேண்டும்.

மிச்சம் இருந்தது, தூக்கிக்கொண்டு போகிற வகை. பாஷ், மகிட்டா, டிவால்ட் எல்லோரும் செய்கிறார்கள். 10 இஞ்ச் பிளேடு, 1800 முதல் 2000 வாட் மோட்டார், வீட்டு 15 ஆம்பியர் பிளக்கிலேயே ஓடும். 3 இஞ்ச் மரம் ஒரே ஓட்டத்தில் அறுக்கும். பிளேடின் விளிம்பு மணிக்கு 190 கிலோமீட்டர் பக்கம் போகும், வைகை எக்ஸ்பிரஸைவிட வேகம். காதுக்கு அடைப்பு இல்லாமல் நிற்கமுடியாத இரைச்சல். மேஜை அலுமினியம், எடை குறைவு, பெரிய பலகையை வைத்தால் தள்ளாடும். இதெல்லாம் குறைகள்தான். ஆனால் எல்லாவற்றிலும் அந்தத் தகடு இருந்தது. பிளேடை ஏற்றினால் கூடவே ஏறியது, சாய்த்தால் கூடவே சாய்ந்தது. அப்பாவின் சிம்புக்கு அது முடியாது. பிளேடைத் தாழ்த்திக் காடி எடுக்கும்போதெல்லாம் அவர் சிம்பைப் பிடுங்கிவிட்டு, மறுபடி அடிப்பார்.

மதுரைக் கடையில், மரத்தை ஒட்டி ஓட்டுகிற கைடை முன்னும் பின்னும் அளந்து பார்த்தேன். பிளேடின் முன்பல்லுக்கும் பின்பல்லுக்கும் ஒரே அளவு வந்தது. கைடு பின்னால் குறுகினால் அதுவும் மரத்தைப் பிளேடோடு நெருக்கி எறியவைக்கும். இதை ஒவ்வொருவரும் கடையிலேயே பார்த்துவிடுவது நல்லது. பிறகுதான் அந்தப் பையன் தகட்டைக் கழற்றித் தரவா என்று கேட்டான்.

"வேண்டாம் தம்பி. அது இருக்கிறதுனாலதான் வாங்குறேன்" என்றேன்.

மிஷின் வந்து நாலு மாதம் ஆகிறது. கனமான வேப்பஞ்சட்டத்தில் ஒரு கால் செய்து அதன்மேல் முடுக்கிவிட்டேன், ஆட்டம் நின்றது. பின்னால், மிஷின் மேஜைக்கு ஒரு மயிரிழை தாழ்வாக, நாலடிக்கு இன்னொரு மேஜை. அறுத்த பலகையை வாங்கிக்கொள்ள ஒரு ஆள் நிற்கிற இடம் அது. தள்ளுகட்டை இரண்டு, எட்டுகிற தூரத்தில் தொங்குகிறது. தூள் குழாய் வழியே பையில் போய்ச் சேருகிறது. தூள் அடுப்பு இல்லை, வாழைக்குழியில் கொட்டுகிறேன். பேத்தியின் எழுதுமேஜை முடிந்துவிட்டது.

கட்டரைக் கவிழ்த்துப்போட்டு அறுக்கிற தம்பிகளுக்கு ஒன்று சொல்லவேண்டும். எல்லோராலும் புது மிஷின் வாங்கமுடியாது என்று எனக்குத் தெரியும். இன்று சாயந்திரம் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பழைய கைவாள் ஒன்றின் தகட்டில் இரண்டு விரல் அகலத்துக்குத் துண்டு வெட்டுங்கள். பல்லை அரத்தால் தேய்த்து எடுத்துவிடுங்கள். பிளேடுக்குப் பின்னால், அதே கோட்டில், ஒரு விரற்கடைக்குள் அதை அசையாமல் நிறுத்துங்கள். ஓட்டும்போது பிளேடுக்கு நேராக நிற்காதீர்கள், ஓரமாக நில்லுங்கள்.